பந்து தந்தவனைச் சுட்டும் விரல்

அந்நாட்களில், அக்டோபர் மாதம் பாதி கழியும்போது அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்துப் பயிற்சி ஆரம்பமாகும். வெளியே மரங்கள் இலை சிவந்து நிற்க, உள்ளே மெருகிட்ட மரத்தரையில் ரப்பர்க் காலணிகள் கிறீச்சிடத் தொடங்கும் அந்த முதல் நாளை முப்பத்தாறு வருஷங்களாக ஒரு பண்டிகையைப்போல் எதிர்பார்த்துப் பழகிய ஒருவர், 1997-ஆம் வருஷம் அது நெருங்கி வந்தபோது தம் உள்ளத்தில் பழைய உற்சாகம் எழவில்லை என்பதைக் கண்டார். அந்த உற்சாகம் என்றைக்குக் குறைகிறதோ அன்றைக்கு விலகிவிடுவேன் என்று அவர் வெகுகாலமாகச் சொல்லி வந்தவர். சொன்னபடியே, அக்டோபர் 9-ஆம் தேதி, வட கரோலினாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள சாப்பல் ஹில் என்னும் சிறு நகரத்தில் பத்திரிகையாளர்களை அழைத்து, பயிற்சியாளர் டீன் ஸ்மித் தாம் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். தம் ஆட்டக்காரர்களைப்பற்றிப் பேச வந்த இடத்தில் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

எண்களை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அவருடைய அணி வென்ற ஆட்டங்கள் 879, தோற்றவை 254. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அதற்கு முன் எந்தப் பயிற்சியாளரும் அத்தனை வெற்றிகளைக் கண்டதில்லை. தேசிய சாம்பியன் பட்டம் 1982-இலும் 1993-இலும் கிடைத்தது. கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக நிற்கும் பேறு பதினொரு முறை வாய்த்தது. 1976-இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் அவர் நடத்திச் சென்ற அமெரிக்க அணி தங்கப் பதக்கம் பெற்றது. பட்டங்களை மட்டும் தராசில் போடுவோமானால், பத்துப் பட்டங்கள் வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் பயிற்சியாளர் ஜான் உடனுக்கு எதிரே ஸ்மித்தின் தட்டு உயர்ந்துதான் நிற்கும். ஆயினும், ஓர் ஆசிரியர் நாற்காலியைவிட்டு எழுந்து போனபிறகு அந்த இடத்தில் எது தங்குகிறது என்று கேட்பவருக்கு, என் அபிப்பிராயத்தில், ஸ்மித்தின் சரித்திரத்தைப்போல் விடை சொல்லும் சரித்திரம் அந்த விளையாட்டில் வேறு இல்லை.

அவர் வந்த பரம்பரையும் சாமானியமானதன்று. 1891-ஆம் வருஷம் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், பழம் பறிக்கும் கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். (அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றுவிட்டு வந்த ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார் என்பதை நினைக்கும்போது, அந்தப் பழக்கூடைகளின் உறவு நம் நந்தனம்வரை நீண்டிருப்பது புலப்படும்.) நெய்ஸ்மித் பின்னர்க் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார், அங்கே அவரிடம் பயின்றவர் ஃபாக் ஆலன், ஆலனிடம் பயின்று, 1952-இல் தேசிய சாம்பியனான கன்சாஸ் அணியில் ஆடியவர் டீன் ஸ்மித். களத்தில் இறங்கியதைவிடப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமே அவருக்கு அதிகம். ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கணக்கிடும் பழக்கம் அங்கேயே வந்திருக்க வேண்டும். அவர் கல்லூரியில் படித்த பாடமும் கணிதந்தான்.

ஆனால் அதற்கும் முந்தைய பரம்பரை ஒன்று உண்டு. கன்சாஸ் மாகாணத்து எம்போரியா என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்த ஆல்பிரட் ஸ்மித், பலருடைய ஆட்சேபத்தைப் பொருட்படுத்தாமல் பால் டெர்ரி என்ற கறுப்பினப் பையனைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார். 1934-இல் அந்தப் பள்ளி மாகாண சாம்பியனாயிற்று. அப்போது ஆல்பிரடின் மகன் டீனுக்கு மூன்று வயது. தாயாரும் ஆசிரியை. குடும்பம் டொபீகா நகருக்குக் குடிபெயர்ந்தபின், வெள்ளையருக்கு ஓர் அணி, கறுப்பருக்கு வேறோர் அணி என்று தங்கள் பள்ளியில் ஏன் இருக்க வேண்டும் என்று அந்த மகன் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டான். பள்ளிக்கூடங்களில் நிறப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளிக்கக் காரணமான வழக்கு எழுந்தது அதே டொபீகாவில்தான். மாணவன் கேள்வி கேட்டது அதற்குச் சில வருஷங்களுக்கு முன்.

1958-இல் அவர் சாப்பல் ஹில்லுக்கு உதவிப் பயிற்சியாளராக வந்தார். அது தென்பகுதி, உணவுச்சாலைகளில் கறுப்பருக்கு இடமில்லாத காலம். ஊரில் ‘தி பைன்ஸ்’ என்று ஒரு பிரசித்தமான உணவுச்சாலை இருந்தது. பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்து அணி வாடிக்கையாகச் சாப்பிடும் இடம். ஸ்மித் சேர்ந்திருந்த பிங்க்லி ஞாபகார்த்த பாப்டிஸ்ட் சபையின் போதகர் ராபர்ட் சீமோர், நகரத்து உணவுச்சாலைகளில் இந்த வழக்கத்தை யாராவது உடைக்க வேண்டும் என்று விரும்பினார். இன்னும் பெயர் பெறாத, எளிதில் வேலையைவிட்டு நீக்கிவிடத்தக்க அந்த உதவிப் பயிற்சியாளர், கறுப்பின மாணவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு பைன்ஸுக்குள் நுழைந்து, மேஜையில் அமர்ந்து, உணவு கொண்டுவரச் சொன்னார். உணவு வந்தது. இருவரும் சாப்பிட்டார்கள். நடந்தது இவ்வளவே, இதைப்பற்றி ஸ்மித் யாரிடமும் பேசியதில்லை. பல வருஷங்களுக்குப்பின் பத்திரிகையாளர் ஜான் ஃபைன்ஸ்டீன் இந்தச் சம்பவத்தைப் போதகர் வாயிலாகக் கேட்டறிந்து ஸ்மித்திடம் விசாரித்தபோது, அவர் அதைச் சொன்னதற்காகப் போதகர்மேல் வருத்தப்பட்டார். சரியான காரியத்தைச் செய்ததற்காக ஒருவன் பெருமைப்பட்டுக்கொள்வது தகாது, செய்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்ற கருத்தில் பதில் சொன்னார்.

1961-இல் தலைமைப் பயிற்சியாளராயிருந்த ஃபிராங்க் மக்குவையர், ஆட்டக்காரர்களைச் சேர்த்ததில் ஏற்பட்ட விதிமீறல்களுக்காகப் பல்கலைக்கழகம் தண்டனை பெற்றிருந்த நிலையில் விலகிச் சென்றார். வேந்தர் வில்லியம் ஏக்காக், முப்பது வயதே நிரம்பியிருந்த ஸ்மித்தை அந்த இடத்தில் அமர்த்தி, வெற்றி தோல்வியைவிட அணி நேர்மையாக நடப்பதே தமக்கு முக்கியம் என்று சொன்னார். முதல் வருஷத்தில் எட்டு வெற்றி, ஒன்பது தோல்வி. தோல்விகள் மிகுந்த வருஷம் அவருடைய வாழ்நாளில் அது ஒன்றே. ஆனால் அடுத்த சில வருஷங்களும் அப்படியொன்றும் சுகமாக இருக்கவில்லை. 1965 ஜனவரியில் வேக் ஃபாரெஸ்டிடம் தோற்று அணியின் பஸ் ஊர் திரும்பியபோது, உடற்பயிற்சிக் கூடத்துக்கு எதிரே ஸ்மித்தின் கொடும்பாவி மரத்தில் தூக்கிலிடப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து முதலில் குதித்து ஓடி அதைப் பிய்த்தெறிந்தவர் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் பில்லி கன்னிங்ஹாம். சில தினங்களுக்குள் அதே அணி டியூக் பல்கலைக்கழகத்தை அதன் சொந்தக் களத்திலேயே வென்றது. ஏக்காக்கும் தாம் வேந்தராயிருந்தவரையில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார். இன்றைய தினம் இரண்டு வருஷம் தோற்ற பயிற்சியாளர் எவருக்கும் இந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஏக்காக்கின் பொறுமை இல்லாதிருந்தால் நாம் பேசுகிற இந்தச் சரித்திரமே இல்லை.

நியூயார்க்கில் பிறந்து வளர்ந்து, வட கரோலினாவில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரைத் தம் கல்லூரியில் சேர்த்துக்கொள்ள 1966-இல் ஸ்மித் முயன்றார். உலகம் அவரைச் சார்லி ஸ்காட் என்றே அழைத்து வந்தது. ‘சார்லஸ்’ என்று அழைக்கப்படுவதையே அவர் விரும்புகிறார் என்று அறிந்த நாளிலிருந்து ஸ்மித் அவரைச் சார்லஸ் என்றே அழைத்தார். பத்திரிகைகளும் ரசிகர்களும் சார்லி என்றே சொல்லிக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் கடைசிவரையில் மாற்றவில்லை. ஊரைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை தம்முடன் தேவாலயத்துக்கும் அழைத்துச் சென்றார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வரிசையில் அமரும் அந்தச் சபையைக் கண்ட இளைஞருக்கு, தம்மை அழைப்பவர் எப்படிப்பட்டவர் என்பதை வேறு விதமாக விளக்க வேண்டியிருக்கவில்லை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்த முதல் கறுப்பின விளையாட்டு வீரர் ஸ்காட். தென் கரோலினாவில் ஓர் ஆட்டம் முடிந்தபின் பார்வையாளன் ஒருவன் அவரை இழிசொல்லால் ஏசியபோது, எந்நேரமும் நிதானம் தவறாதவர் என்று பெயர் பெற்ற ஸ்மித் அந்த மனிதன்மேல் பாய முற்பட்டார்; உதவிப் பயிற்சியாளர்கள் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஸ்காட் 1968-இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1969-இல் டேவிட்சன் கல்லூரிக்கு எதிராகக் கடைசி விநாடியில் அவர் போட்ட பந்து, அணியைக் கடைசி நான்கில் கொண்டுபோய் நிறுத்தியது.

இனி, மூடிய கதவுகளுக்குள் நடந்த அந்தப் பயிற்சியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நிமிஷ வாரியாகத் தட்டச்சு செய்த திட்டம் ஒன்று தினமும் இருக்கும். அதன் தலைப்பில் ‘இன்றைய சிந்தனை’ என்று ஒரு வாசகம். பெரும்பாலும் விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாதது. களத்துக்குள் வருமுன் அதை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். யாரையாவது பார்த்துக் கேட்பார், அவன் விழித்தால் அணி முழுவதும் ஓட வேண்டும். திரைப்படக் கருவியையும் பந்துப் பைகளையும் சுமப்பது முதலாண்டு மாணவர்களின் வேலை. பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய மைக்கேல் ஜோர்டானும் முதல் வருஷத்தில் சுமந்தவர்தாம். 1981-இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகை, பருவத் தொடக்க இதழின் அட்டைக்கு ஆரம்ப ஆட்டக்காரர் ஐவரையும் படம் பிடிக்க வந்தபோது, கல்லூரியில் இன்னும் ஓர் ஆட்டங்கூட ஆடாத பையன் அட்டையில் வருவதற்கில்லை என்று ஸ்மித் மறுத்துவிட்டார். நால்வரே அட்டையில் வந்தார்கள். அந்தப் பருவத்தின் இறுதியில், நியூ ஆர்லியன்ஸில், ஜார்ஜ்டவுனுக்கு எதிரான ஆட்டத்தில் பதினைந்து விநாடியளவே மிஞ்சியிருந்தபோது, விடுபட்ட அந்த ஐந்தாமவன் இடது ஓரத்திலிருந்து போட்ட பந்துதான் 63-62 என்று ஸ்மித்துக்கு முதல் பட்டத்தைத் தந்தது.

களைத்துப்போன ஆட்டக்காரன் முஷ்டியை உயர்த்திக் காட்டினால் போதும், அவனை வெளியே எடுத்துவிடுவார். களைப்புத் தீர்ந்ததும் திரும்ப உள்ளே போகிற உரிமையும் அவனுடையதே. களைப்பை ஒப்புக்கொண்டால் இடம் பறிபோய்விடும் என்ற பயம் இல்லாததால், ஒவ்வொருவனும் தன் பலம் முழுவதையும் செலவழித்து ஆடினான். வெளியே வருகிறவனைப் பெஞ்சில் இருக்கும் அனைவரும் எழுந்து நின்று கைதட்டி வரவேற்க வேண்டும். ஃப்ரீ த்ரோ எறியுமுன் ஐவரும் ஒருகணம் தலையோடு தலை சேர்த்துக் கலந்துகொள்வதும் அவர் வகுத்தது. கல்லூரியை முடித்துச் செல்பவர்கள் கடைசியாகத் தங்கள் களத்தில் ஆடும் நாளில், பருவம் முழுவதும் பெஞ்சிலேயே இருந்தவர்களாயினும், ஆட்டத்தை ஆரம்பிக்கும் ஐவரில் அவர்களுக்கு இடம் உண்டு.

எல்லாவற்றிலும் எளியது, எல்லாவற்றிலும் அதிகதூரம் பரவியது, ஒரு விரல் அசைவு. கூடையில் பந்தைப் போட்டவன், தனக்குப் பந்தைக் கொடுத்தவன் பக்கம் திரும்பி, விரலால் அவனைச் சுட்டிக் காட்ட வேண்டும். பந்து கொடுத்தவனுக்குக் கண் சாடையாலோ தலையசைப்பாலோ நன்றி தெரிவிக்க வேண்டும் என்று ஜான் உடன் சொல்லி வந்ததைக் கேட்ட ஸ்மித், கடைசி வரிசையில் இருக்கும் பார்வையாளனுக்கும் தெரியும்படி அதை விரலாக மாற்றினார். ஆரவாரம் போட்டவனுக்குப் போகும். அந்த ஆரவாரம் உச்சத்தில் இருக்கும் கணத்திலேயே அவன் கை இன்னொருவனைக் காட்டும். இன்றைக்கு உலகின் எந்த மூலையில் கூடைப்பந்து ஆடப்பட்டாலும் இந்த விரலை நாம் பார்க்கிறோம். ஆடுகிற பிள்ளைகளில் பலருக்கு இது எங்கிருந்து வந்தது என்பது தெரியாது.

அவருடைய ‘நான்கு மூலை’ ஆட்டத்தைப்பற்றிக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. முன்னணியில் இருக்கும்போது நால்வரை நான்கு மூலைகளில் நிறுத்தி, நடுவே ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கரைப்பது அந்த உத்தி. 1982-இல் விர்ஜினியாவை 47-45 என்று வென்ற ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் பொறுமை இழந்தார்கள். 1985-86 பருவத்தில் கல்லூரிக் கூடைப்பந்து முழுவதற்கும் 45 விநாடிக் கடிகாரம் வந்ததற்கு இந்த உத்தி ஒரு முக்கியக் காரணம். நான் அதைக் கணிதம் படித்தவரின் மூளை செய்த வேலையாகவே பார்க்கிறேன். ஐம்பதுகளிலேயே, விமானப்படைக் கல்லூரியில் உதவியாளராக இருந்தபோதே, பந்து கைக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக எத்தனை புள்ளி கிடைக்கிறது என்று அவர் கணக்கு வைத்திருந்தார். இன்றைய புள்ளியியல் வல்லுநர்கள் கணினியைக் கொண்டு செய்வதன் வேர் அது.

அந்த மூளை மந்தமான ஆட்டத்துக்கு மட்டும் பயன்படவில்லை. 1974 மார்ச் 2-ஆம் தேதி டியூக்குக்கு எதிரான ஆட்டத்தில் பதினேழு விநாடிகள் மீதியிருக்கையில் வட கரோலினா எட்டுப் புள்ளிகள் பின்தங்கியிருந்தது. மூன்று புள்ளிக் கோடு அக்காலத்தில் கிடையாது. ரசிகர்கள் பலர் எழுந்து வாசலை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பாபி ஜோன்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டார். டியூக் ஓரத்திலிருந்து உள்ளே எறிந்த பந்தை மறித்துப் பறித்து இரண்டு புள்ளிகள். மறுபடி பறித்து மறுபடி இரண்டு. டியூக்காரர் ஒருவர் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். மூன்று விநாடி இருக்கையில் கேட்பதற்கு ஸ்மித்தின் கையில் டைம் அவுட் மிச்சம் இருந்தது. இத்தகைய நேரத்துக்காகவே அவர் அதைச் சேமித்து வைப்பவர். முதலாண்டு மாணவர் வால்டர் டேவிஸ் பந்தைப் பெற்று, சில தப்படிகள் வந்து, நெடுந்தூரத்திலிருந்து எறிந்தார். அது பலகையில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது. 86-86. கூடுதல் நேரத்தில் வட கரோலினா 96-92 என்று வென்றது. அதிருஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் பயிற்சிகளில் கடிகாரத்தைச் சில விநாடிகளில் நிறுத்தி, இத்தனை புள்ளி பின்னடைவு, இத்தனை டைம் அவுட் பாக்கி, இப்போது என்ன செய்வீர்கள் என்று நாள் தவறாமல் ஒத்திகை பார்த்த பையன்களுக்குத்தான் அந்த அதிருஷ்டம் வந்தது.

அவரிடம் ஆடியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் பட்டம் பெற்றார்கள். ஆயினும் தொழில்முறை அணிகள் பெரும் பணம் தரக் காத்திருக்கும்போது ஒரு பையனைத் தம் லாபத்துக்காகப் பிடித்து வைத்துக்கொள்வதை அவர் பாவமாகவே கருதினார். தொழில்முறை அணிகளிடம் தாமே விசாரித்து, நல்ல இடம் கிடைக்கும் என்று தெரிந்ததும், ஜேம்ஸ் வொர்த்தியை 1982-இலும் ஜோர்டானை 1984-இலும் படிப்பு முடியுமுன்பே போகச் சொல்லி ஊக்கினார். இருந்திருந்தால் இன்னும் எத்தனை பட்டங்களோ! படிப்பை மட்டும் முடிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஜோர்டான் கோடைக்காலங்களில் திரும்பி வந்து படித்து முடித்தார்.

1997 மார்ச்சில், அதுவரை சாதனையாயிருந்த பயிற்சியாளர் அடால்ஃப் ரப்பின் 876 வெற்றிகளைத் தாண்டும் தறுவாயில், அந்தச் சாதனை தம் பெயரில் ஏறுமுன்பே விலகிவிடலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. அது எங்களுடைய சாதனையும் ஆகும் என்று பழைய மாணவர்கள் வாதாடித் தடுத்தார்கள். 1986-இல் திறந்த, இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்டோர் அமரும் பெரிய அரங்கத்துக்குத் தம் பெயரை வைப்பதற்கும் அவர் தயங்கித் தயங்கியே இசைந்தார். பயிற்சி தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது ஓய்வை அறிவித்ததில் வேறொரு பயனும் விளைந்தது. வெளியார் எவரையும் தேட அவகாசமில்லாமற்போக, முப்பது வருஷங்கள் தமக்குத் துணை நின்ற பில் கத்ரிஜுக்கே பதவி கிடைத்தது. பிற்பாடு, ஸ்மித்திடம் பத்து வருஷம் உதவியாளராயிருந்த ராய் வில்லியம்ஸ் 2003-இல் திரும்பி வந்து மூன்று பட்டங்கள் வென்றார். 2021-இல் ஸ்மித்தின் மாணவரான ஹியூபர்ட் டேவிஸ் பொறுப்பேற்றார்.

ஓய்வுக்குப்பின் அரங்கத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் அமர்ந்து, பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதுவதும் தொலைபேசியில் க்ஷேமலாபம் விசாரிப்பதுமாக அவர் காலம் கழித்தார். மரண தண்டனையை எதிர்த்து 1998-இல் மாகாண ஆளுநர் ஜிம் ஹண்டின் முகத்துக்கு நேரே பேசினார். பயிற்சியாளராக இருந்த காலத்திலேயே ராலியில் உள்ள சிறைச்சாலைக்கு அணியை அழைத்துச் சென்று கைதிகளின் முன் ஆடச் செய்தவர் அவர். ஒருமுறை சந்தித்தவரின் பெயரையும், அவர் மனைவி மக்களின் பெயரையும் இருபது வருஷம் கழித்தும் சொல்லக்கூடிய அந்த அபூர்வ ஞாபகசக்தியைத்தான் விதி முதலில் பறித்தது. 2010-இல் நோயைக் குடும்பத்தினர் வெளியிட்டார்கள். 2013 நவம்பரில் ஜனாதிபதி ஒபாமா சுதந்திரப் பதக்கம் அளித்தபோது அவரால் போக இயலவில்லை. மனைவி லின்னியா பெற்றுக்கொண்டார். 2015 பிப்ரவரி 7-ஆம் தேதி, எண்பத்து மூன்றாம் வயதில், அவர் காலமானார்.

இரண்டு வாரம் கழித்து, அவர் பெயர் தாங்கிய அரங்கத்தில் ஜார்ஜியா டெக்குக்கு எதிராக ஆட்டம். முதல் முறை பந்து கைக்கு வந்ததும் ராய் வில்லியம்ஸ் நான்கு விரல்களை உயர்த்தினார். பையன்கள் நான்கு மூலைகளுக்குப் பிரிந்தார்கள். நடுவே மார்கஸ் பெய்ஜ் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார். கடிகாரம் வந்தபின் யாரும் ஆடாத அந்தப் பழைய ஆட்டத்தை அடையாளம் கண்டுகொண்ட கூட்டம் எழுந்து நின்றது. பின்வழியாக வளையத்தை நோக்கி ஓடிய பிரைஸ் ஜான்சனுக்குப் பெய்ஜ் பந்தைக் கொடுக்க, ஜான்சன் அதைக் கூடையில் போட்டார்.

மார்ச் மாதக் கடைசியில் பழைய மாணவர்களின் வீடுகளுக்குத் தபாலில் உறைகள் வந்தன. தம் பயிற்சியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஏறக்குறைய நூற்றெண்பது பேரையும் ஸ்மித் தம் உயிலில் நினைவு வைத்திருந்தார். உள்ளே இருநூறு டாலர் காசோலை ஒன்று. பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் செலவில் வெளியே போய் ஒருவேளை சாப்பிட்டு மகிழுங்கள் என்று ஒரு குறிப்பு. அதைப் பணமாக்க மனம் வராமல் சட்டமிட்டு மாட்டப்போவதாகச் சிலர் சொன்னார்கள். மைக்கேல் ஜோர்டானுக்கும் இருநூறு டாலர். பருவம் முழுவதும் பெஞ்சிலிருந்து எழுந்து எழுந்து கைதட்டிவிட்டுக் கடைசி நாளில் ஒரேயொருமுறை ஆரம்ப ஐவரில் ஒருவனாக நின்றவனுக்கும் இருநூறு டாலர்.